அசையாமல் நிற்பவர் எவரும் இல்லை

நடப்பதையும் ஓடுவதையும் தேகத்தின் தொழிலாகவும், நிற்பதை வெறும் ஓய்வாகவும் கருதுவது உலக வழக்கம். நின்ற இடத்தில் நிற்பவனைக் கண்டால், ஒன்றும் செய்யாமல் நிற்கிறான் என்றே சொல்கிறோம். ஆனால் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக மருத்துவர்களும் உடலியல் அறிஞர்களும் பொறுமையோடு நடத்திவந்த ஆராய்ச்சிகளை ஒருசேர வைத்துப் பார்த்தால், நிற்பது என்பது கணந்தோறும் விழத் தொடங்குவதும், விழுந்துவிடுவதற்கு முன்பே தன்னை மீட்டுக்கொள்வதுமான ஓயாத வினை என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரியவரும்.

ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் பேராசிரியராக விளங்கிய கார்ல் ஃபான் வியெரார்ட் 1860-களில் இதைக் கண்ணாரக் காணும்படி செய்தார். நிற்பவருடைய தலைக்கவசத்தின் உச்சியில் ஓர் இறகைப் பொருத்தி, புகைக்கரி பூசிய தாளை அதன் நுனி தொடும்படி மேலே அமைத்து, அந்த மனிதரை ஆடாமல் அசையாமல் நிற்கச் சொன்னார். அவரும் தம்மால் இயன்ற மட்டும் அசையாமல்தான் நின்றார். ஆயினும் இறகோ கரியின்மேல் முன்னும் பின்னும் இடமும் வலமுமாக ஒரு சிக்கலான கோலத்தை எழுதிவிட்டது. இன்று இறகுக்குப் பதிலாகப் பாதத்தின் அழுத்தத்தை அளக்கும் மின்பலகைகள் வந்திருக்கின்றன. அவையும் அதே கோலத்தைத்தான் எழுதுகின்றன.

காரணம் எளிது. உடலின் எடை முழுவதும் குவிந்திருப்பதாகக் கொள்ளத்தக்க புள்ளி இடுப்பின் மட்டத்தில், அதாவது உயரத்தின் பாதிக்குச் சற்று மேலே இருக்கிறது. அதைத் தாங்கும் அடித்தளமோ இரண்டு பாதங்களும் அவற்றின் இடைவெளியும் மட்டுமே. உள்ளங்கையில் நீண்ட குச்சியை நிமிர்த்தி நிறுத்தி விளையாடும் சிறுவன், குச்சி சாயும் பக்கமெல்லாம் கையை நகர்த்திக்கொண்டே இருப்பதைப்போல, உடலும் தன் கணுக்காலின்மேல் தன்னைத் தானே ஏந்திக்கொண்டிருக்கிறது. அப்புள்ளியிலிருந்து இறங்கும் செங்குத்துக்கோடு கணுக்காலுக்குச் சற்று முன்னால் விழுவதால், நாம் எப்போதும் முன்னோக்கிச் சாய்ந்துகொண்டே இருக்கிறோம். அந்தச் சாய்வைப் பின்னுக்கு இழுத்துப் பிடிப்பது கெண்டைக்கால் தசை. இங்கிலாந்தில் இயன் லோரம், மார்ட்டின் லேக்கி ஆகியோர் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அளந்து பார்த்தபோது, அந்தத் தசையும் குதிகால் தசைநாணும் சுருள்வில்லைப்போல இறுகி நிற்பதனால் மட்டும் உடல் நிமிர்ந்து நிற்க முடியாது, அந்த இறுக்கம் தேவைக்குச் சற்றுக் குறைவு என்று கண்டார்கள். ஆகையால் நரம்பு மண்டலம் விநாடிக்கு இரண்டு மூன்று முறை தசையைச் சிறிது சிறிதாகச் சுண்டிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. நாம் பேருந்துக்காக நின்று வேறெதையோ நினைத்துக்கொண்டிருக்கையில், நமக்குத் தெரியாமலே இத்தனையும் நடந்துகொண்டிருக்கிறது.

சாயும் திசையும் வேகமும் மூளைக்கு எவ்வாறு தெரிகின்றன? இந்தக் கேள்விக்கு முதல் வெளிச்சம் நோயாளிகளிடமிருந்து வந்தது. பெர்லின் மருத்துவர் மோரிட்ஸ் ரோம்பெர்க், மேகநோய் முற்றித் தண்டுவடத்தின் பின்பகுதி அழிந்துபோனவர்களைப் பரிசோதித்து, 1840-களில் வெளிவந்த தமது நரம்புநோய் நூலில் ஓர் எளிய சோதனையை விவரித்தார். பாதங்களைச் சேர்த்துவைத்து நிற்கச் சொன்னால் அந்நோயாளிகள் ஒருவாறு நின்றார்கள். கண்களை மூடச் சொன்னதும் தள்ளாடி விழப்போனார்கள். காலிலிருந்து செய்தி வராமற்போன குறையை அதுவரை கண்ணே ஈடுசெய்துவந்தது என்பது இதனால் புலனாயிற்று. இப்படிப்பட்டவர்கள் தங்கள் கோளாற்றை முதன்முதலில் உணர்வது பெரும்பாலும் காலையில் முகம் கழுவக் குனிந்து கண்ணை மூடும்போதுதான். கருவி எதுவும் வேண்டாத இந்தச் சோதனையை இன்றும் உலகெங்கும் நரம்பியல் மருத்துவர்கள் ரோம்பெர்க்கின் பெயராலேயே செய்துவருகிறார்கள்.

உட்செவியின் பங்கு தெளிவாவதற்கு மேலும் காலம் பிடித்தது. பாரிஸில் ஃப்ளூராங்ஸ் என்பவர் 1820-களில் புறாக்களின் செவிக்குள்ளிருக்கும் அரைவட்டக் குழாய்களை அறுத்தபோது, அவை கேட்கும் சக்தியை இழக்காமலே தலையைச் சுழற்றித் தடுமாறின. அரை நூற்றாண்டு கழித்து, 1870-களில், மாக், பிராயர், கிரம் பிரவுன் என்னும் மூவர் தனித்தனியே ஆராய்ந்து, தலை திரும்பும்போது அக்குழாய்களிலுள்ள திரவம் பின்தங்குவதே சுழற்சியின் உணர்வை எழுப்புகிறது என்று விளக்கினார்கள். பிறகு வியன்னாவில் ராபர்ட் பாரனி, செவியைக் குளிர்ந்த நீரால் கழுவினால் நோயாளிக்குத் தலைசுற்றி விழிகள் ஒரு பக்கமாகத் துடிப்பதையும், வெந்நீரானால் துடிப்பு எதிர்ப்பக்கம் மாறுவதையும் கண்டு, அதையே நோய் நாடும் முறையாக்கினார். அதற்கு 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார்.

கண், செவி ஆகிய இரண்டையும்விட ஆழமாக மறைந்திருப்பது மூன்றாவது புலன். தசையும் மூட்டும் பாதத்தின் தோலும் அனுப்பும் செய்திகளாலாகிய அது, நம்மிடம் இருப்பதையே நாம் அறிவதில்லை. இங்கிலாந்தில் 1971-இல் ஒரு காய்ச்சலுக்குப்பின் பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் கழுத்துக்குக் கீழே தொடுவுணர்வையும் அங்கங்களின் நிலையுணர்வையும் அறவே இழந்தார். தசைகளை இயக்கும் நரம்புகள் பழுதுபடவில்லை. ஆனாலும் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை, கை எங்கே கிடக்கிறது என்பதே அவருக்குத் தெரியவில்லை. ஒவ்வோர் அசைவையும் கண்ணால் பார்த்து, மனத்தால் எண்ணி, நீண்ட காலம் பாடுபட்டு, உட்காரவும் நிற்கவும் கடைசியில் நடக்கவும் அவர் கற்றுக்கொண்டார். விளக்கு அணைந்தால் மட்டும் அப்படியே சரிந்துவிடுவார். மருத்துவர் ஜோனதன் கோல் 1991-இல் எழுதிய நூலில் இந்த வாழ்க்கையைப் படிக்கும்போது, நாம் ஒரு பிரயத்தனமும் இன்றிப் பெற்றுவிட்ட பாக்கியம் எத்தகையது என்பதை எண்ணி மனம் நெகிழாமல் இருக்க முடியாது.

மூன்று சாட்சிகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் மூளை எதை நம்பும்? எடின்பரோவில் டேவிட் லீ 1970-களில், தரை அசையாமலிருக்க, சுவர்களும் கூரையும் மட்டும் நகரும்படி ஓர் அறையை அமைத்தார். அப்போதுதான் நிற்கப் பழகியிருந்த குழந்தைகளை அதற்குள் நிறுத்திச் சுவரைச் சற்று அவர்கள் பக்கம் நகர்த்தியதும், தாங்களே முன்னால் சாய்வதாக மயங்கிப் பின்வாங்கிய குழந்தைகள் பொத்தென்று உட்கார்ந்துவிட்டன. பெரியவர்கள் அவ்வாறு விழுவதில்லை. கண்ணின் சாட்சியத்தைச் சீர்தூக்கித் தள்ளத் தெரிந்துகொள்கிறார்கள். வெளிச்சத்தில், கெட்டியான தரையில் நிற்கும் ஆரோக்கியமான ஒருவர் ஏறத்தாழ 70 சதவீதம் கால் தரும் செய்தியையும், 20 சதவீதம் செவியையும், 10 சதவீதம் கண்ணையும் சார்ந்திருக்கிறார் என்று அமெரிக்காவின் ஆரிகன் மாநில ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். மணலிலோ மெத்தையிலோ நின்றால், கணத்தில் இந்தக் கணக்கு மாறிவிடும்.

இவற்றையெல்லாம்விட என்னை வியப்பில் ஆழ்த்துவது உடலின் முன்னறிவு. நிற்பவர் கையை வேகமாக உயர்த்தினால், அந்த வீச்சே உடலின் சமநிலையைக் குலைக்க வேண்டும். 1967-இல் மாஸ்கோவில் குர்ஃபின்கெலும் அவருடைய சகாக்களும் தசைகளின் மின்துடிப்பைப் பதிவுசெய்தபோது, தோள்தசை விழிப்பதற்கு முன்பே தொடையின் பின்தசை விழித்துவிடுவதைக் கண்டார்கள். 1982-இல் கார்டோவும் நாஷ்னரும், நிற்பவர்களிடம் எதிரேயிருந்த ஒரு கைப்பிடியை இழுக்கச் சொன்னார்கள். கைக்கு முன் கெண்டைக்கால் இறுகியது. அவர்களையே மார்பைத் தாங்கும் ஓர் அணைப்பின்மேல் சாய்ந்து நின்று இழுக்கச் சொன்னபோது, காலின் அந்த முன்னேற்பாடு மறைந்துபோயிற்று, ஏனெனில் இப்போது அது தேவையில்லை. ஆகவே வரப்போகும் தடுமாற்றத்தையும், அதைத் தாங்க எது போதும் என்பதையும் சேர்த்தே கணித்துத்தான் மூளை கையை உயர்த்துகிறது.

இந்த ஞானமெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு விடை முதியோரிடத்தில் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி விழுந்து இறப்பவர்கள் ஆண்டுக்கு ஏறக்குறைய 6,84,000 பேர். அவர்களில் எண்பது சதவீதத்துக்கு மேற்பட்டோர் நம்முடையதைப் போன்ற குறைந்த, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். நம் வீடுகளிலோ, இரவில் எழுந்து கொல்லைப்புறம் போகும் பாட்டி ஈரத் தரையில் விழுந்துவிட்டால், "பார்த்து நடக்கக் கூடாதா?" என்று கடிந்துகொள்கிறோம். இது நியாயமன்று. வயது முதிர முதிரப் பாதத்தின் உணர்வும் உட்செவியின் கூர்மையும் கண்ணின் ஒளியும் ஒருங்கே தேய்கின்றன. தானாக நடந்துவந்த வேலைக்கு இப்போது சிந்தையும் துணைசெய்ய வேண்டியிருக்கிறது. 1997-இல் ஸ்வீடனில் முதியோர் விடுதிகளில் வாழ்ந்த 58 பேரோடு உடன்நடந்து பேச்சுக்கொடுத்துப் பார்த்தார்கள். 12 பேர் பதில் சொல்வதற்காக நடையை நிறுத்தினார்கள். அவர்களில் 10 பேர் அடுத்த ஆறு மாதங்களுக்குள் விழுந்தார்கள். அந்த 12 பேருக்கும் நடப்பதே கவனம் முழுவதையும் கேட்கும் காரியமாகிவிட்டிருந்தது என்றே நான் இதற்குப் பொருள் கொள்கிறேன்.

நல்ல வேளையாக, இந்தத் திறமை எந்த வயதிலும் பயிற்சிக்கு இணங்குகிறது. 23,000-க்கு மேற்பட்ட முதியோர் பங்கேற்ற 108 ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளியான மதிப்பீடு, உடற்பயிற்சி விழும் வீதத்தை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைப்பதாகச் சொல்கிறது. ஆனால் எல்லாப் பயிற்சிக்கும் அந்தப் பலன் காணப்படவில்லை. வெறும் நடைப்பயிற்சி விழுவதைத் தடுப்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. பலன் தெளிவாகத் தெரிந்தது, சமநிலையையே சோதிக்கும் பயிற்சிகளிலும், நாற்காலியிலிருந்து எழுவது, படி ஏறுவது போன்ற அன்றாட அசைவுகளைத் திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சிகளிலுமே. அடுப்படி மேடையைப் பிடித்தபடி ஒரு பாதத்துக்கு முன்னால் மறு பாதத்தை ஒட்டிவைத்து நிற்பதும், பிடியைச் சிறிது சிறிதாகத் தளர்த்துவதும், பிறகு ஒற்றைக் காலில் நிற்க முயல்வதும் அவ்வகையைச் சேர்ந்தவை. தொடங்கும் நாட்களில் பக்கத்தில் இன்னொருவர் நிற்பது அவசியம்.