செக்கில் போடும் கையெழுத்தும் பிள்ளையின் உத்தியோகமும்



ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் கடை நடத்தும் நம் பிள்ளைகள் பலர் கல்லாவில் உட்கார விரும்புவதில்லை. படித்துவிட்டு எல்லை தாண்டிப் பெங்களூரில் எச்.ஏ.எல்., பாரத் எலெக்ட்ரானிக்ஸ், இஸ்ரோ என்று உத்தியோகம் தேடுகிறார்கள். நாட்டின் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட இவ்விடங்களில் தேர்வில் ஜெயித்தால் மட்டும் போதாது. போலீஸ் விசாரணையிலும் பெயர் சுத்தமாக வரவேண்டும்.

"நம் பிள்ளை மேல் என்ன வழக்கு வரப்போகிறது?" என்று கேட்பீர்கள். வரிக்காகவோ வங்கிக் கடனுக்காகவோ கடையை மகன் பேரில் வைக்கிறோம். சரக்குக்கு அவன் கையெழுத்துப் போட்ட செக்கைக் கொடுக்கிறோம். வினை அங்கேதான் தொடங்குகிறது.

பற்று வரவு நோட்டில் நிற்கும் பாக்கி சிவில் விவகாரம், குற்றமல்ல. பணமில்லாமல் செக் திரும்பினால் சங்கதி வேறு. செலாவணி முறிச் சட்டத்தின் 138ஆம் பிரிவு 1989 முதல் அதைக் குற்றமாக்கியுள்ளது. 2 ஆண்டு வரை சிறை, செக் தொகையைப்போல் இரு மடங்கு வரை அபராதம் உண்டு. ஆனால் நோட்டீஸ் கிடைத்த 15 நாளில் பணத்தைக் கட்டிவிட்டால் வழக்கே கிடையாது. தபாலை வாங்காமல் திருப்பி அனுப்பித் தப்பிக்க முடியாது.

மொத்த வியாபாரிகளாகிய நாங்களும் ஒருமுறை அப்படி ஒரு பையன் மேல் வழக்குப் போட்டோம். வேலைக்கான உத்தரவு அவன் கைக்கு வந்த வாரத்தில் அவனுடைய தகப்பனார் எங்கள் கிடங்கு வாசலில் வந்து நின்றார். பாக்கியை வாங்கிக்கொண்டு சமாதானமாக முடித்தோம். பையன் படிவத்தில் நடந்ததை நடந்தபடி எழுதினான். வேலை கிடைத்தது, சில மாதத் தாமதத்தோடு.

மறைத்திருந்தால் கதை வேறாகியிருக்கும். 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், கைது, வழக்கு, விடுதலை எதுவானாலும் கேட்ட விவரத்தை உண்மையாகத் தரவேண்டும் என்றது. உண்மையைச் சொன்னாலும் முடிவு நிர்வாகத்தின் கையில்தான். ஆனால் அற்ப வழக்கைப் பொறுத்துக்கொள்ள இடமுண்டு. மறைத்தது தெரிந்தால் சேர்ந்த வேலையும் போகலாம்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. தமிழ்நாட்டில் 2013இல் தடை செய்யப்பட்ட குட்கா, ஜூஜூவாடி வழியாகக் கள்ளத்தனமாக வருகிறது. நாலு காசு லாபத்துக்கு அதை அடுக்கில் வைத்தால், கடை யார் பேரில் உள்ளதோ அவர் பேரில் வழக்கு விழும்.

அடுத்தது, வங்கிக் கடன். நம் கடைப் பாக்கி சிபில் ஏட்டில் ஏறாது. வங்கித் தவணை தவறினால் ஏறும். ஜாமீன் கையெழுத்துப் போட்டவரையும் அது விடாது. வங்கி உத்தியோகத்துக்கு இதைப் பார்க்கிறார்கள். கடன் ஏடு சரியில்லாத ஒருவரின் நியமனத்தை ஸ்டேட் வங்கி ரத்து செய்தது செல்லும் என 2025இல் சென்னை உயர்நீதிமன்றம் கூறியது. ஆண்டுக்கு ஒருதரம் அந்த ஏட்டை இலவசமாக வாங்கிப் பார்க்கலாம்.

கடன் வாங்குவது வியாபாரத்தில் இழுக்கல்ல. பிள்ளையின் கையெழுத்தைக் கடனுக்கு அடகு வைக்காமல் இருப்போம். வழக்கு வந்துவிட்டால் பேசி முடிப்போம். எதையும் மறைக்க வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுவோம்.