ஓடிபி சொல்லிவிட்டீர்களா? முதலில் 1930

"பேங்க்லதான் ஏஐ வந்துடுச்சே, அதுவே பிடிச்சிடாதா?" ஆன்லைனில் பொருள் வாங்கப் போய்ப் பணத்தைத் தொலைத்தவர்கள் இப்படித்தான் கேட்கிறார்கள். பிடிக்கும், ஓரளவு. மளிகை மட்டுமே வாங்கிவந்த கார்டில் நள்ளிரவில் அடுத்தடுத்து விலையுயர்ந்த போன்கள் வாங்கினால் அது சந்தேகப்படும். மோசடிப் பணம் இறங்கும் வாடகைக் கணக்குகளை மோப்பம் பிடிக்க, ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் 'மியூல்ஹன்டர்' என்றொரு கருவியே செய்திருக்கிறது. ஆனால் உங்கள் போனில், உங்கள் பின் எண்ணைப் போட்டு நீங்களே அனுப்பினால் பெரும்பாலும் ஏஐயும் கோட்டைவிடும். யுபிஐயில் பணம் பெற பின் எண் தேவையே இல்லை. எத்தனை முறை சொன்னாலும், 'ரீஃபண்டு வரும்' என்றதும் போட்டுவிடுகிறார்கள்.

அதன்பிறகு செய்வது இன்னும் மோசம். கூகுளில் கஸ்டமர் கேர் எண்ணைத் தேடி, போலி எண்ணில் சிக்கி மறுபடியும் ஏமாறுகிறார்கள். அல்லது மறுநாள் கிளைக்குப் போகிறார்கள். அங்கே "போலீசுக்குப் போங்க", ஸ்டேஷனில் "பேங்குக்குப் போங்க". அதற்குள் பணம் பல கணக்குகள் தாண்டிவிடும்.

முதலில் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். தொகை, நேரம், யுபிஐ என்றால் 12 இலக்கப் பரிவர்த்தனை எண் கையில் இருக்கட்டும். புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் முழுப் புகாரையும் பதியுங்கள். உடனே, கார்டின் பின்புறமுள்ள எண்ணில் வங்கியை அழைத்து முடக்கச் சொல்லுங்கள். பிறகு வங்கிக்கு எழுத்துப்பூர்வமான புகார்.

புகார் கொடுத்த தேதிக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொண்டுவந்த விதிப்படி, வங்கி மீதோ உங்கள் மீதோ தவறில்லாத மோசடியை, வங்கியின் தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு நஷ்டமில்லை. 10 வேலை நாளுக்குள் தொகையை வங்கி தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். தவறு வாடிக்கையாளருடையது என்றால் அதை நிரூபிப்பதும் வங்கியின் பொறுப்பு. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், புகார் கொடுக்கும்வரை போனது உங்கள் நஷ்டம்; கொடுத்தபின் போவது வங்கியின் நஷ்டம். எனவே வெட்கப்பட்டு வீட்டுக்குத் தெரியாமல் மறைக்காதீர்கள்.

30 நாளில் வங்கியிடமிருந்து பதில் இல்லையென்றாலோ, பதிலில் திருப்தி இல்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. வங்கியிடம் முதலில் புகார் கொடுக்காமல் நேரே அங்கே போனால் ஏற்கமாட்டார்கள். பலர் தவறுவது இந்த இடத்தில்தான்.

போலிப் பொருள் வந்தால் வழி வேறு. விற்பனைத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரை ஏற்று, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். இல்லையேல் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

"ஃபோன்லதான் சொல்லிட்டீங்களே, லெட்டர் எதுக்கு?" என்று, எழுதிய புகாரை வாங்காமல் வங்கிக் கிளையில் தட்டிக்கழிப்பார்கள். தேதியோடு முத்திரை குத்திய நகல் கைக்கு வராமல் அங்கிருந்து எழுந்து வராதீர்கள்.