ஸஃபரியா, மஹல்லியா?
வளைகுடா உணவகங்களுக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு



வளைகுடாவில் பர்கர், பொரித்த கோழி விற்கும் கடைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றால், சம்பளம் எவ்வளவு என்றுதான் நாம் முதலில் கேட்கிறோம். பிள்ளைக்கு என்ன மொழி தெரியும் என்பதையும் அப்போதே யோசிக்க வேண்டும்.

இத்தகைய கடைகளில் மொழி தெரியாதவருக்குப் பெரும்பாலும் பாத்திரம் கழுவுவது, கோழி பொரிப்பது போன்ற உள்வேலைதான் கிடைக்கும். ஆர்டர் எடுக்கவும், கேஷ் கவுண்டரில் நிற்கவும், பின்னர் சூப்பர்வைசர் ஆகவும் பேச்சு வேண்டும். வாடிக்கையாளரிடம் அரபியோ ஆங்கிலமோ பேச வேண்டும். உடன் வேலை செய்யும் நேபாளி, பாகிஸ்தானி, வங்கதேசத்தவரோடு பெரும்பாலும் இந்தி, உருதுதான் ஓடும். நம் வீடுகளில் தமிழ்தான் பேச்சு. முஸ்லிம் என்றால் உருது தெரியும் என்று அங்கே பலரும் நினைத்துக்கொள்வார்கள்.

மதரஸாவில் ஓதிய பிள்ளைக்கு அரபி எழுத்து தெரியும். அது நல்ல முதல். ஆனால் ஓதுவது வேறு, பேசுவது வேறு. சவூதிக் கடைகளில் "மஹல்லியா, ஸஃபரியா?" என்று கேட்பார்கள். இங்கேயே சாப்பிடவா, பார்சலா என்று பொருள். மஹல்லா, சபர் என்று நாம் தினமும் சொல்லும் வார்த்தைகளின் உறவுதான் இவை. எண்கள், விலை, தஜாஜ் (கோழி), ஹார் (காரம்), பாரித் (குளிர்ந்தது) என்று கடைக்கு வேண்டிய வார்த்தைகளை நாளுக்குப் பத்தாகப் படித்தாலும் போதும்; மூன்று மாதத்தில் பேச்சு பிடிபடும்.

மொழி வேலைக்கு மட்டுமல்ல, பாதுகாப்புக்கும் வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2016 முதல் வேலை வாய்ப்புக் கடிதத்தை அரபி, ஆங்கிலத்தோடு தொழிலாளிக்குப் புரியும் மொழியிலும் தர வேண்டும். அந்த மொழிகளில் தமிழும் உண்டு. தமிழ்ப் பிரதியைக் கேட்டு வாங்கி, சம்பளம், வேலை நேரம், தங்குமிடம், வேலையின் பெயர் எல்லாவற்றையும் படித்த பிறகே கையெழுத்திடச் சொல்லுங்கள்.

பத்தாம் வகுப்பு தேறியவரின் பாஸ்போர்ட்டுக்குக் குடியேற்ற அனுமதி தேவையில்லை. அதனால் அவருடைய ஒப்பந்தத்தை அரசு அலுவலகம் சரிபார்ப்பதும் இல்லை. நாமேதான் பார்க்க வேண்டும். ஏஜென்ட்டின் பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் தேடுங்கள். பதிவு பெற்றவர் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் மட்டுமே கட்டணமாக வாங்கலாம். அதற்கு ரசீதும் தர வேண்டும். விசிட் விசாவில் போய் வேலை செய்வது சட்டப்படி குற்றம்; சம்பளம் தராவிட்டாலும் புகார் சொல்வது கடினம். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் 1978 முதல் ஆட்களை அனுப்பி வருகிறது. அதன் அறிவிப்புகளையும் பாருங்கள்.

கடன் வாங்கவோ நகையை அடகு வைக்கவோ முன், கடிதத்தை எங்களிடம் கொண்டு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், சேர்ந்து படித்துப் பார்ப்போம்.