வீட்டு அலங்காரத்தில் ஜமக்காளமும் முக்காலியும்

ஜமக்காளம் என்பது தரையில் விரித்து அமர்வதற்குத் தடித்த நூலால் நெய்யப்படும் விரிப்பு ஆகும். இது சமுக்காளம் என்றும் எழுதப்படுகிறது. தமிழ்நாட்டில் ஈரோடு மாவட்டத்திலுள்ள பவானி நகரும் அதன் சுற்றுப்புறச் சிற்றூர்களும் இந்த நெசவுக்குப் பெயர் பெற்றவை. திருமண வீடு, கோயில் விழா, ஊர்க் கூட்டம் எனப் பலர் கூடும் இடங்களில் விரிக்கப்பட்டு வந்த ஜமக்காளம், இன்று வீட்டின் வரவேற்பறையை அழகுபடுத்தும் பொருளாகவும் பயன்படுகிறது. இதனோடு முக்காலி, மணை, பிரம்பு மோடா போன்ற சிறு இருக்கைகளைச் சேர்த்தால், அதிகச் செலவின்றி ஒரு சிறிய அறையைப் பல வேலைகளுக்குப் பயன்படும்படி அமைத்துக்கொள்ளலாம்.

வரலாறு

பவானி, காவிரியும் பவானி ஆறும் கூடும் இடத்தில் அமைந்த ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்து ஆலைத் துணிகள் இந்தியச் சந்தையில் குவிந்தபோது, கைத்தறி நெசவாளர்கள் பிழைப்புக்குப் புதிய வழி தேட வேண்டியதாயிற்று. அந்நிலையில் பவானியில் வாழ்ந்த ஜங்கமர் என்னும் நெசவாளர் சமூகத்தினர் வண்ணமேற்றிய முரட்டு நூலைக் கொண்டு விரிப்புகளை நெய்தனர். அவற்றுக்கு நல்ல வரவேற்புக் கிடைத்ததால், சேலை முதலியவற்றை நெய்துவந்த பலரும் ஜமக்காள நெசவுக்கு மாறினர். பவானி ஜமக்காளம் 2005-06 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது.

வகைகளும் நெசவும்

பவானி ஜமக்காளம் இரு வகைப்படும். முதல் வகை முரட்டுப் பருத்தி நூலால் நெய்யப்படுவது. சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் முதலிய நிறங்களில் அகன்ற பட்டைகள் இதன் அடையாளம். நூல் தடிமனாக இருப்பதால் இதில் நுண்ணிய உருவங்களை அமைக்க இயலாது. இக்குறையை நீக்க உருவானது இரண்டாவது வகை. இது செயற்கைப் பட்டு நூலால் நெய்யப்படுவது. தொடுவதற்கு மென்மையானது. இதன் கரையில் பூ, பறவை போன்ற வடிவங்களை அமைக்கலாம்.

நெசவு குழித்தறியில் நடைபெறும். நெசவாளர் குழியின் விளிம்பில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் வைத்து மிதியை இயக்குவார். அகலமான ஜமக்காளமாக இருந்தால் இருவர் அருகருகே அமர்ந்து, ஒருவர் தள்ளும் நாடாவை மற்றவர் வாங்கித் திருப்பி அனுப்புவர். இருவர் கையும் ஒரே சீராக இயங்கினால்தான் பட்டைகள் நேராக விழும்.

ஜமக்காளத்துக்குக் கம்பளத்தைப் போல் மேலெழும் மயிர்ப்பரப்பு கிடையாது. எனவே தூசு உள்ளே தங்குவது குறைவு. உதறினாலே பெரும்பகுதி போய்விடும். பட்டை வகையை இரு பக்கமும் மாற்றி மாற்றி விரிக்கலாம். வெப்பம் மிகுந்த நமது ஊர்களுக்குத் தடித்த கம்பளத்தைவிட இது ஏற்றது என்பதற்கு இவையே காரணங்கள்.

அறையில் அமைக்கும் முறை

விரிப்பு அறைக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும். மிகச் சிறியதாக இருந்தால் நடுவில் துண்டு போட்டதுபோல் தோன்றும். நாற்காலி, சோபா ஆகியவற்றின் முன்கால்களாவது விரிப்பின் மேல் நிற்கும்படி அமைப்பது பொதுவான முறை. சுவரோரம் ஒரு சாண் அளவு தரை தெரிந்தால் அறை பெரிதாகத் தோன்றும். பட்டைகள் அறையின் நீளவாக்கில் ஓடினால் அறை நீண்டும், குறுக்காக ஓடினால் அகன்றும் தெரியும்.

ஜமக்காளத்தின் நிறங்கள் அழுத்தமானவை. ஆகவே சுவரும் திரைச்சீலையும் வெளிர் நிறத்தில் இருப்பது நல்லது. விரிப்பில் உள்ள ஏதேனும் ஒரு நிறத்தை மட்டும் முக்காலியின் மெத்தை உறையிலோ தலையணை உறையிலோ மீண்டும் பயன்படுத்தினால், அறை முழுவதும் ஒன்றாக இணைந்து நிற்கும். கோடைக்காலத்தில் ஜமக்காளத்தை எடுத்துவிட்டு, திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடைக் கோரைப் பாயை விரிப்பதும் உண்டு.

முக்காலியின் பயன்

முக்காலிக்கு மூன்று கால்கள் இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரே கோட்டில் அமையாத எந்த மூன்று புள்ளிகளும் ஒரு தளத்தில் அமையும் என்பது வடிவியல் விதி. ஆகையால் மேடுபள்ளமான தரையிலும் மூன்று கால்களும் தரையைத் தொடும், முக்காலி ஆடாது. நான்கு கால் உடையதில் ஒரு கால் சற்றே குட்டையானாலும் ஆட்டம் ஏற்படும்.

ஆனால் ஆடாதிருப்பதும் கவிழாதிருப்பதும் வேறு வேறு. அமர்பவரின் எடை மூன்று கால்களுக்கு இடைப்பட்ட முக்கோணத்துக்கு வெளியே சாய்ந்தால் முக்காலி கவிழ்ந்துவிடும். எனவே பரணில் பொருள் எடுக்க அதன்மேல் ஏறி நிற்கக் கூடாது.

ஒரு முக்காலி விருந்தினருக்கு இருக்கையாகும். தட்டு ஒன்றை வைத்தால் காபி மேசையாகும். மூலையில் பூச்சாடி அல்லது விளக்கு வைக்கும் பீடமாகும். கொலு நாட்களில் பொம்மை வைக்கவும் உதவும். மூட்டுவலி உள்ள முதியோருக்குத் தாழ்ந்த மணை ஏற்றதன்று. ஏறத்தாழ 45 செ.மீ. உயரமுள்ள இருக்கையே அவர்கள் எழுந்திருக்க எளிதானது.

பாதுகாப்பும் பராமரிப்பும்

வழவழப்பான ஓடு பதித்த தரையில் விரிப்பு நழுவக்கூடும். அடியில் ரப்பர் வலை விரிப்பதும், சுருண்டெழும் ஓரங்களைச் சரிசெய்வதும் முதியோர் தடுக்கி விழாமல் காக்கும். ஜமக்காளத்தை முதல் சில முறை தனியாகவே துவைக்க வேண்டும். சாயம் மங்காமலிருக்க நிழலில் உலர்த்துவது நல்லது. மடித்து வைத்தால் மடிப்பில் நூல் நைந்துவிடும். சுருட்டி வைப்பதே முறை.

இன்றைய நிலை

கைத்தறிக்குப் பொருள்களை ஒதுக்கும் 1985 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஜமக்காளமும் ஒதுக்கப்பட்ட பொருளாகும். எனினும் விசைத்தறியில் நெய்த மலிவான விரிப்புகள் பவானியின் பெயரில் விற்கப்படுகின்றன. ஒரே கடையில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கும்போது, விலை குறைந்ததே பெரும்பாலும் விற்பனையாகிறது. கூலி போதாமையால் நெசவாளர் வீட்டு இளைஞர்கள் வேறு தொழில்களுக்குச் செல்கின்றனர். இருவர் சேர்ந்து இயக்கும் தறிக்கு இணை நெசவாளர் கிடைக்காவிட்டால், அகல ஜமக்காள நெசவு நின்றுவிடும்.

வாங்குவோர் கைத்தறி முத்திரை உள்ளதா எனப் பார்த்தும், கூட்டுறவுச் சங்கக் கடைகளிலும் கோ-ஆப்டெக்ஸ் விற்பனை நிலையங்களிலும் கேட்டும் வாங்கலாம். கையால் நெய்ததில் பட்டைகளின் அகலத்தில் சிறு வேறுபாடு காணப்படலாம். அது குறையன்று, தறியில் மனிதர் அமர்ந்து நெய்ததன் அடையாளம்.