முதல் மாரத்தானுக்கு முன்

விடியுமுன் தெருவில் ஒருவர் ஓடிச் செல்வதைக் கண்டால், திருடனைத் துரத்துகிறாரோ, கடன்காரனுக்கு அஞ்சி ஓடுகிறாரோ என்று ஜனங்கள் ஐயுற்ற காலம் மலையேறிவிட்டது. இன்று சென்னைக் கடற்கரைச் சாலையிலும், கோவை, மதுரை முதலிய நகரங்களின் பெருவீதிகளிலும், குமாஸ்தாக்களும் உபாத்தியாயர்களும் வியாபாரிகளும் குடும்ப ஸ்திரீகளும் நாள் தவறாமல் ஓடுகின்றனர். கூலியை நாடியோ பரிசை நாடியோ இவர்கள் ஓடுவதில்லை. தேகம் நன்னிலையில் இருக்க வேண்டும் என்ற ஆவலும், தொடங்கினதை முடிக்க வேண்டும் என்ற பிடிவாதமுமே இவர்களை எழுப்பி வெளியே அனுப்புகின்றன. இவர்களுள் பலர் ஆண்டுதோறும் ஒரு மாரத்தானை ஓடி முடிப்பதென்று சங்கற்பம் செய்துகொள்கின்றனர். அந்தச் சங்கற்பத்தை நாம் மனமாரப் போற்றுகிறோம். அதன் பின்னர் அவர்களில் அநேகர் செய்யும் ஒரு காரியத்தைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

சங்கற்பம் செய்த மறுநாளே பந்தய அட்டவணையைத் தேடுகின்றனர். இக்காலத்தில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்கேனும் ஓர் ஊரில் 5 கிலோ மீட்டர், 10 கிலோ மீட்டர், அரை மாரத்தான் என்று ஏதாவதொரு பந்தயம் நடந்துகொண்டே இருக்கிறது. ஓடி முடித்தவர்களுக்கெல்லாம் பதக்கம் உண்டு, பனியன் உண்டு. கட்டணத்தைச் செலுத்தி ஒவ்வொன்றிலும் பெயரைப் பதிந்துவிடுகின்றனர். எதிலும் பின்வாங்க மனம் வராமல், எல்லாவற்றிலும் முழு வேகத்துடன் ஓடி, பெரிய நாள் வருமுன்னரே முழங்காலோ கணைக்காலோ பழுதுற்று வீட்டில் உட்கார்ந்துவிடுகிறவர்கள் பலர். பல மாத உழைப்பு இவ்விதம் வீணாவதைக் காண மனம் பொறுக்கவில்லை. முதல் மாரத்தானுக்குமுன் பந்தயங்கள் வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் அவை சிலவாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்கு விடை தருவதாகவும் இருக்க வேண்டும்.

இவ்விஷயத்தில் ஒரு பழைய தீர்ப்பு நமக்குத் துணை நிற்கிறது. 1896-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 10-ஆம் தேதி, மாரத்தான் என்னும் ஊரிலிருந்து ஆதென்ஸ் நகரத்துக்கு முதல் ஒலிம்பிக் மாரத்தான் ஓடப்பட்டது. தூரம் ஏறக்குறைய 40 கிலோ மீட்டர். புறப்பட்டவர்கள் 17 பேர். அவர்களுள் 13 பேர் கிரேக்கர்கள். மற்ற நால்வரில் மூவர் குறுகிய தூரத்தில் பெயர் பெற்றவர்கள். ஆஸ்திரேலியாவின் எட்வின் பிளாக் அதே விழாவில் 800 மீட்டர், 1500 மீட்டர் இரண்டிலும் முதலிடம் பெற்றிருந்தார். அமெரிக்காவின் ஆர்தர் பிளேக்கும் பிரான்ஸின் லெர்முஸியோவும் 1500 மீட்டரில் அவருக்கு அடுத்த இரண்டு ஸ்தானங்களைப் பெற்றவர்கள். மூவரும் தொடக்கத்தில் முன்னணியில் பறந்தனர்; மூவரில் ஒருவர்கூட ஆதென்ஸ் மைதானத்தை எட்டவில்லை.

கிரேக்கர்களோ அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே இரண்டு சோதனைப் பந்தயங்களை நடத்தியிருந்தனர். முதற் சோதனையில் வென்றவர் வாஸிலாகோஸ். இரண்டாம் சோதனையில் ஐந்தாவதாக வந்தவர் மாரூஸி என்னும் ஊரைச் சேர்ந்த ஸ்பிரிடன் லூயிஸ் என்ற தண்ணீர் சுமப்பவர். ஒலிம்பிக் பந்தயத்தில் 2 மணி 58 நிமிஷம் 50 விநாடியில் முதலாவதாக வந்தவர் இந்த லூயிஸே. வாஸிலாகோஸ் இரண்டாவதாக வந்தார். மூன்றாவதாக வந்த கிரேக்கர் வழியில் சிறிது தூரம் வண்டியில் ஏறி வந்தாரென்று தள்ளப்படவே, அவ்விடம் ஹங்கேரியின் கெல்னருக்குக் கிடைத்தது. அந்நிய நாட்டார் நால்வரில், அத்தூரத்தை முன்பே ஒருமுறை ஓடிப் பார்த்திருந்தவர் கெல்னர் ஒருவரே!

இதிலிருந்து நாம் பெறும் பாடங்கள் இரண்டு. வேகமுள்ளவன் என்ற ஒரே தகுதி நெடுந்தூரத்துக்குப் போதாது. முன்கூட்டிச் சோதித்துப் பார்த்தவனே நிலைத்தான் என்பது ஒன்று. சோதனைப் பந்தயத்தில் ஐந்தாவதாக வருவது அவமானமன்று. அதில் தோற்றவனே மெய்ப் பந்தயத்தில் வெல்லக்கூடும் என்பது மற்றொன்று. வழக்கை ஆயத்தம் செய்கையில் தன் கட்சியின் பலவீனத்தைக் கண்டுகொள்ளும் வக்கீல், விசாரணை நாளில் திகைப்பதில்லை. ஓட்டக்காரனுக்கும் அவ்விதமே.

ஒலிம்பிக் சோதனையைப் போல முழுத் தூரத்தையும் முன்னதாகவே ஓடிப் பார்க்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. இன்றைய மாரத்தான் அதனினும் நீண்டது. 1908-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் வகுக்கப்பட்ட 26 மைல் 385 கஜம், அதாவது 42.195 கிலோ மீட்டர் என்னும் அளவே பின்னர் எங்கும் நிலைபெற்றது. அத்தூரத்தின் கடைசிப் பகுதி ஏன் கொடியது என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம். ஒரு கிலோ மீட்டர் ஓடுவதற்கு, தேகத்தின் எடை ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு முழுத் தூரத்துக்கும் சுமார் 2,500 கலோரி வேண்டும். தசைகளிலும் ஈரலிலும் சேமிக்கப்பட்டுள்ள சர்க்கரைச் சத்தோ சுமார் 2,000 கலோரிக்கே போதும். மீதத்தைக் கொழுப்பு தருகிறது. ஆனால் அது மெதுவாகவே தரும். தொடக்கத்தில் வேகமாக ஓடுகிறவர் சர்க்கரைச் சேமிப்பை விரைவில் தீர்த்துவிடுகிறார். 30 கிலோ மீட்டருக்கு மேல் கால்கள் ஈயமாகக் கனப்பதும், பலர் நடக்கத் தொடங்குவதும் பெரும்பாலும் இதனாலேயே. ஆகவே முதல் மாரத்தானின் தலைவிதி முதல் 10 கிலோ மீட்டரில் நிர்ணயமாகிறது. தன் வேகம் எது என்பதை அறிவதே ஆயத்தப் பந்தயத்தின் முதற் பயன்.

சென்னையில் நடைபெறும் மாரத்தான் அண்மை ஆண்டுகளில் ஜனவரித் தொடக்கத்தில் ஓடப்பட்டு வருகிறது. அதனை உதாரணமாகக் கொள்வோம். வாரத்துக்கு 25, 30 கிலோ மீட்டர் ஓடிப் பழகிய ஒருவர், 18 வாரங்களை ஆயத்தத்துக்கு ஒதுக்கினால், செப்டம்பர் முதல் வாரத்தில் தொடங்கலாம். அக்டோபர் நடுவில் 10 கிலோ மீட்டர் பந்தயம் ஒன்று. நவம்பர் இறுதியில், அதாவது பெரிய நாளுக்கு ஐந்து, ஆறு வாரங்களுக்கு முன், அரை மாரத்தான் ஒன்று. இவ்விரண்டே போதும். டிசம்பர் நடுவில் 30 அல்லது 32 கிலோ மீட்டர் நெடிய ஓட்டம் ஒன்றைத் தனியாகவோ நண்பர்களுடனோ மெதுவாக ஓடி முடித்து, கடைசி மூன்று வாரங்களில் தூரத்தைப் படிப்படியாகக் குறைத்து, தேகத்துக்கு ஓய்வு தர வேண்டும். அந்த மூன்று வாரங்களில் எவர் அழைத்தாலும் எந்தப் பந்தயத்துக்கும் போகலாகாது. வடகிழக்குப் பருவமழை இம்மாதங்களிலேயே பெய்வதால், குறித்த பந்தயம் மழையில் நின்றுபோகவும் கூடும். அப்பொழுது அதே தூரத்தை வேறொரு காலையில் தாமே ஓடிக் கணக்கெடுத்தால் நஷ்டமொன்றும் இல்லை.

10 கிலோ மீட்டர் பந்தயத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: கூட்டத்தின் ஆரவாரத்தில் நம் வேகத்தை நாம் காத்துக்கொள்கிறோமா? பிற்பாதியை முற்பாதியைவிடச் சற்று விரைவாக ஓட முடிந்தால் விடை நன்று.

அரை மாரத்தானில் கேள்விகள் அதிகம். பெரிய நாளில் அணியப்போகும் அதே பாதரட்சை, அதே உடை, உண்ணப்போகும் அதே ஆகாரம் ஆகியவற்றை அன்று சோதிக்க வேண்டும். வயிறு எதை ஏற்கிறது, எதைத் தள்ளுகிறது என்பது அன்று தெரிந்துவிடும். அங்கே எடுத்த நேரம் மாரத்தானின் நேரத்தையும் ஓரளவு முன்னறிவிக்கும். பீட்டர் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1977-இல் வெளியிட்ட சூத்திரப்படி, தூரம் இரட்டித்தால் நேரம் சுமார் 2.085 மடங்காகும். அரை மாரத்தானை 2 மணியில் முடித்தவர் முழு மாரத்தானை 4 மணி 10 நிமிஷத்தில் முடிக்கலாம். அக்கணக்கு நன்கு பழகினவர்களுக்கே பொருந்துமாதலால், புதியவர் இன்னும் கால் மணியாவது சேர்த்துக்கொள்வது விவேகம்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊர்ப் புழுக்கத்தில் தாகத்தை அலட்சியம் செய்வது ஆபத்து. ஆயினும் பயந்து வரம்பின்றிக் குடிப்பதும் ஆபத்தே. 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானை முடித்தவர்களுள் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்த வைத்தியர்கள், நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு உப்புச் சத்து அளவுக்கு மீறிக் குறைந்திருக்கக் கண்டனர். ஓடுகையில் அளவுக்கு அதிகமாக நீர் பருகினதே அதற்கு முக்கிய காரணம். தாகத்துக்கேற்ப எவ்வளவு பருக வேண்டும் என்பதையும் ஆயத்த ஓட்டங்களிலேயே கற்றுக்கொள்ள வேண்டும்.

"அதிகப் பந்தயங்கள் ஓடினால் அதிக அனுபவம் கிட்டுமன்றோ?" என்று சிலர் வாதிக்கலாம். முழு வேகத்துடன் ஓடிய ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னே சில நாட்களும் பின்னே சில நாட்களும் ஓய்வுக்கென்று கழிகின்றன. ஞாயிறுதோறும் பந்தயம் ஓடுகிறவருக்கு நெடிய ஓட்டத்துக்கு நாள் ஏது? அன்றியும், இவர்கள் உத்தியோகமும் குடும்பமும் உடையவர்கள். விடியற்காலை 4 மணிக்கு இவர் எழுந்து போனால், அன்றைய வீட்டு வேலைகளை மனைவியோ கணவனோ தாயோ ஏற்கிறார். அவர்களுடைய பொறுமையும் ஒரு மூலதனமே; அதனைச் சில்லறைப் பந்தயங்களில் செலவழித்துவிட்டால், டிசம்பர் மாதத்து நெடிய ஓட்டத்தன்று கையில் ஒன்றும் மிஞ்சாது.

எலும்பில் ஓரிடத்தில் வலி தோன்றி, ஓடும்தோறும் மிகுமாயின், கட்டணம் செலுத்திவிட்டோமே என்று ஓடலாகாது. நாற்பது வயதைக் கடந்தவர்களும், சர்க்கரை வியாதி, இரத்தக் கொதிப்பு முதலியன உடையவர்களும் வைத்தியரைக் கண்ட பின்னரே ஆயத்தத்தைத் தொடங்க வேண்டும். ஓட்டத்தில் நெஞ்சு வலித்தால் அந்தக் கணமே நிற்க வேண்டும். கட்டணம் போனால் போகட்டும். தேகம் ஒன்றே உள்ளது.

நெடுந்தூர ஓட்டம் நம் நாட்டினருக்குப் புதியதன்று. 1920-ஆம் ஆண்டு ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக் மாரத்தானில் பெல்காமைச் சேர்ந்த சௌகுலே 19-ஆவதாக வந்தார். 1976-இல் மான்ட்ரியாலில் சிவநாத் சிங் 11-ஆவதாக வந்தார். நம் நண்பர்கள் அவர்களுக்கு நிகராக ஓட வேண்டியதில்லை. புறப்பட்ட இடத்திலிருந்து முடியும் இடம்வரை நல்ல தேகத்துடன் போய்ச் சேர்ந்தாலே போதும். ஆகவே அடுத்த ஜனவரியில் முதல் மாரத்தானை ஓடக் கருதும் நேயர்கள், இன்றே நாள்காட்டியை எடுத்து மூன்று தேதிகளை மட்டும் குறித்துக்கொள்வார்களாக: ஒரு 10 கிலோ மீட்டர், ஓர் அரை மாரத்தான், பிறகு அந்தப் பெரிய நாள். மற்ற ஞாயிறுகள் மெதுவான நெடிய ஓட்டத்துக்கும் ஓய்வுக்கும் உரியவை. பதறாத காரியம் சிதறாது.