மேல்வீட்டு மாலைதீவுப் பிள்ளை

சகோதரிகளே, உங்கள் குசினித் தட்டில் ஒரு மாசிப் போத்தல் கட்டாயம் இருக்கும். சீனிச் சம்பலுக்கும் கீரைச் சுண்டலுக்கும் இடித்துப் போடுகிறோமே, அந்த மாசிதான். சூரை மீனை அவித்து, புகையிலிட்டு, வெயிலில் விறகுத் துண்டு போல இறுகும்வரை காய வைத்து எடுப்பது. எந்த ஊர் மாசி நல்லது என்று கேட்டால், நமது சின்னப் பிள்ளையும் "மாலைதீவு மாசி" என்று சொல்லிவிடும். எனக்கும் அந்த நாட்டைப் பற்றித் தெரிந்தது நெடுங்காலம் அவ்வளவுதான். எங்கள் வீட்டின் மேல்தட்டில் மாலைதீவுக் குடும்பம் ஒன்று குடியிருந்த போதும் அவ்வளவுதான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாகவே இருக்கிறது.

2011ஆம் ஆண்டு தெஹிவளையில் எங்கள் மேல்வீட்டைக் கூலிக்கு விட்டோம். "மாலைதீவுக்காரங்க என்டா ஐயாயிரம் கூடக் கேக்கலாம், அவங்க பேரம் பேசமாட்டாங்க" என்றார் புரோக்கர். நாங்களும் கேட்டோம். அவர்களும் பேரம் பேசவில்லை. ஓர் உம்மா, ஏழு வயதில் ஒரு பெண் பிள்ளை, இடுப்பில் ஒரு ஆண் பிள்ளை. வாப்பா அங்கே ஒரு ரிசோர்ட்டில் கணக்குப் பகுதியில் வேலை. மாலே இரண்டு சதுர கிலோமீற்றர் அளவேயான தீவு. வெளித் தீவுகளிலிருந்து படிப்புக்கும் வேலைக்கும் வருகிறவர்கள் அதற்குள்தான் நெருக்கியடித்துக் குடியிருக்க வேண்டும். அங்கே இரண்டு அறைக்குக் கொடுக்கும் கூலியில் இங்கே ஒரு முழு வீடு எடுக்கலாம் என்றார் அந்த உம்மா. பிள்ளைகளின் படிப்புக்காகவும் வைத்தியத்துக்காகவும் இப்படி வந்து தெஹிவளை, வெள்ளவத்தைப் பக்கங்களில் குடியிருக்கும் மாலைதீவுக் குடும்பங்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். அவர்களைப் பற்றி நாம் கதைப்பதும் உங்களுக்குத் தெரியும். "சல்லிக்காரங்க." "நம்மளோட சேரமாட்டாங்க." நாம் அவர்களோடு சேரப் போனோமா என்று யாரும் கேட்பதில்லை.

இப்னு பதூதா 1343இல் அந்தத் தீவுகளுக்குப் போய், அங்கே காழியாகவும் இருந்தார். பிறகு 1344இல் நமது நாட்டுக்கும் வந்து ஆதம் மலை ஏறினார். அந்தத் தீவுப் பெண்கள் தமது நாட்டை விட்டு ஒருபோதும் வெளியேறுவதில்லை என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். (அவர்களை ஒழுங்காக உடை உடுத்தச் சொல்லிப் பார்த்தும் தம்மால் முடியவில்லை என்றும் எழுதியிருக்கிறார். காழியாக இருந்தும் முடியவில்லையாம்!) இன்றோ கணவனைக் கடலுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விமானம் ஏறுகிறவர்கள் அந்தப் பெண்கள்தான்.

நான் சொல்ல வந்தது அந்த ஏழு வயதுப் பிள்ளையைப் பற்றி.

முதல் நாள் மாடிப்படியில் என்னைக் கண்டதும் "தாத்தா" என்று கூப்பிட்டாள். யாரோ அவளுக்கு நமது முறையைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்படியில்லை. அவர்களது திவெஹி மொழியிலும் மூத்த சகோதரிக்கு 'தாத்தா' என்றுதான் பெயர். வாப்பாவுக்கு 'பப்பா'. இந்தியாவிலிருந்து வந்த என் சிநேகிதி ஒருத்தி, 'தாத்தா' என்றால் பாட்டனார் அல்லவா என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் அந்தப் பிள்ளையும் ஒரு பக்கம் நின்றோம், அவள் மறுபக்கம்.

அந்தப் பிள்ளைக்கு இந்த ஊரில் முதல் பயம் நாய். மாலைதீவுக்கு நாயைக் கொண்டுபோகத் தடை இருக்கிறது. படத்தில் மட்டுமே கண்ட மிருகம் நமது ஒழுங்கை முனையில் படுத்திருந்தால் என்ன செய்வாள்? ஒரு மாதம் வரை உம்மாவின் தோளில் ஏறித்தான் ஸ்கூல் வேனுக்குப் போனாள். முதல் ஆச்சரியம் ரெயில். அவளது நாட்டில் ரெயிலும் இல்லை, ஆறும் இல்லை, மலையும் இல்லை. ஆயிரத்து இருநூறு அளவில் தீவுகள் இருந்தும் பெரும்பாலும் நிலம் கடல் மட்டத்திலிருந்து மூன்று மீற்றருக்கு உயர்வதில்லை. தெஹிவளைக் கடற்கரையோரம் மாத்தறைப் பக்கம் ரெயில் போகும் நேரத்துக்கு மொட்டை மாடிக்கு ஓடிப் போய்க் கை காட்டுவாள். பிறகு ஒரு விடுமுறைக்கு நுவரெலியா போய்வந்து, "தண்ணி மேலேருந்து ஓடி வருது தாத்தா, யாரு ஊத்துறாங்க?" என்று கேட்டாள். அருவியைப் பற்றி நான் அதற்கு முன் ஒரு நாளும் அப்படி யோசித்ததில்லை.

சிங்களத்தை நம்மைவிட விரைவாகப் பிடித்துக்கொண்டாள். அதில் அதிசயமில்லை. திவெஹியும் சிங்களமும் நெருங்கிய உறவு. சிங்களத்தில் எக்க, தெக்க, துன, ஹத்தர, பஹ என்று எண்ணுகிறோம். அவள் எகே, தே, தினே, ஹத்தரே, ஃபஹே என்று எண்ணுவாள். ஆனால் எழுத்து வேறு. 'தானா' என்ற அந்த எழுத்தை வலமிருந்து இடமாக எழுதுகிறார்கள். அதன் முதல் ஒன்பது எழுத்துகள் அறபு இலக்கங்களிலிருந்தும், அடுத்த ஒன்பது அந்நாட்டுப் பழைய இலக்கங்களிலிருந்தும் பிறந்தவை. எண்களை எடுத்து எழுத்தாக்கிய ஆட்கள்! அவள் கொப்பியைப் பார்த்தபோது எனக்கு என் மூத்தும்மாவின் அறபுத்தமிழ்க் கிதாபு ஞாபகம் வந்தது. அதுவும் நமது தமிழ்தான், வலமிருந்து இடம் போகும் தமிழ். அவளுக்கு எட்டு வயதில் அவளது எழுத்து தெரியும். எனக்கு என் மூத்தும்மாவின் எழுத்து இன்றும் தட்டுத்தடுமாறித்தான் வரும்.

பாட்டைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நமது பத்திரிகையில் எழுதலாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் அந்தப் பிள்ளையின் பாதியை விட்டுவிட்டவளாவேன்.

மேல்வீட்டில் எப்போதும் ஏதாவது ஒரு பாட்டுக் கேட்கும். உம்மாவுக்கு ஹிந்திப் படப் பாட்டு. ஹிந்தி மெட்டை எடுத்து திவெஹி வார்த்தை போட்டுப் பாடுவது அங்கே பழைய வழக்கம். ஆகவே எனக்குத் தெரிந்த மெட்டு மேலே இருந்து புரியாத மொழியில் இறங்கி வரும். நமது வீடுகளிலும் ஒரு காலத்தில் இலங்கை வானொலியின் ஹிந்திச் சேவையைக் கேட்டு வார்த்தை விளங்காமலே முணுமுணுத்தோம்தானே! மகளுக்கோ வயது ஏற ஏறக் கொரிய நாடகம், ஆங்கிலப் பாட்டு, எல்லாம். 2021இல் நமது யொஹானியின் 'மெனிகே மகே ஹிதே' நாட்டுக்கு நாடு பரவியபோது, மாலேயிலிருக்கும் மச்சிமாருக்கு அதற்கு விளக்கம் சொல்லிக் கொடுத்தவள் இவள்தான். உள்ளத்துக்குச் சிங்களத்தில் 'ஹித'. திவெஹியில் எழுதும்போது 'ஹித்'. "பாதி எங்கட சொல்லுதான்" என்று ஏதோ தானே எழுதிய பாட்டு மாதிரிப் பெருமைப்பட்டாள்.

இவை எல்லாம் நான் அறிந்தது 2020க்குப் பிறகு. அதற்கு முன் ஒன்பது வருடம் மாதம் முதலாம் திகதி கூலி வாங்குவதும், பெருநாளைக்கு வட்டிலப்பம் ஒரு கோப்பை அனுப்புவதும்தான் எங்கள் உறவு.

2020 மார்ச்சில் இங்கே ஊரடங்கு வந்தது. அதே மார்ச்சின் கடைசியில் மாலைதீவு வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கதவை மூடியது. ஜூலை நடுப்பகுதி வரை திறக்கவில்லை. பயணிகள் இல்லாத ரிசோர்ட்டுக்குக் கணக்கு எதற்கு? வாப்பாவின் சம்பளம் பாதியாகி, பிறகு அதுவும் பிந்தியது. அவர் வரவும் முடியாது, இவர்கள் போகவும் முடியாது. அந்த வருடம் மே, ஜூன் மாதங்களில் நடக்கவிருந்த லண்டன் பரீட்சையும் உலகம் முழுக்க ரத்து. பதினாறு வயதுப் பிள்ளை இரண்டு வருடம் படித்துவிட்டு, எழுதாத பரீட்சைக்கு வரும் பெறுபேற்றுக்குக் காத்திருந்தாள்.

நோன்பும் ஊரடங்குக்குள்ளேயே வந்தது. மாடிப்படிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டோம். கஞ்சி மேலே போகும், மாஸ்ஹுனி கீழே வரும். மாஸ்ஹுனி என்றால் வேறொன்றுமில்லை: மீனை உதிர்த்து, தேங்காய்ப்பூ, வெங்காயம், மிளகாய், தேசிக்காய் சேர்த்துப் பிசைந்தது. ரொஷி என்னும் மெல்லிய ரொட்டியோடு சாப்பிடுவார்கள். நமது தேங்காய்ச் சம்பலின் தங்கை என்று சொல்லலாம்.

நோன்பு திறந்த பிறகு அவர்கள் உடனே எழும்பமாட்டார்கள். மாலேயில் சூரியன் இறங்க இங்கிருந்து ஏறக்குறைய இருபத்தைந்து நிமிடம் பிந்தும். வாப்பா அங்கே தொலைபேசியில் காத்திருப்பார். அவர் பேரீச்சம்பழத்தை வாயில் வைக்கும்வரை பிள்ளைகள் இரண்டும் வாய்க்குள் தண்ணீரும் பழமும் தவிர வேறொன்றும் வைப்பதில்லை. யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல, அவர்களாகவே வைத்துக்கொண்ட ஒழுங்கு.

மூன்று மாதக் கூலி நின்றது. நாங்கள் கேட்கவில்லை. ஆனால் ஒரு நாள் அந்த உம்மா கீழே வந்து, கடதாசியில் சுற்றிய ஒரு காப்பை மேசையில் வைத்தார். "இதை வச்சுக்கங்க" என்றார். எனக்குக் கை நடுங்கியது. அன்றிரவு கணக்குப் போட்டேன். மாதம் ஐயாயிரம், ஒன்பது வருடம்: ஐந்து இலட்சத்து நாற்பதாயிரம் ரூபாய். மாலைதீவுக்காரர் என்பதற்காக மட்டும் நாங்கள் கூடுதலாக வாங்கிய பணம். என் கணவரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, "அப்ப அவங்கதான் நமக்குக் கடன் தந்திருக்காங்க" என்றார். காப்பைத் திருப்பிக் கொடுத்தோம், அந்த மூன்று மாதத்தைக் கேட்கவில்லை, மாதாமாதம் வாங்கிய ஐயாயிரத்தையும் நிறுத்தினோம். முழுக் கணக்கையும் தீர்த்துவிட்டோம் என்று சொல்ல என்னால் முடியாது. புரோக்கர் இன்றும் அதே ஆலோசனையை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார், வீட்டுக்காரர்களும் கேட்கிறார்கள்.

அந்தப் பெருநாளன்று மேலே 'பொடுபெரு' நடந்தது. பெரிய மேளம் என்று பொருள். மெல்லத் தொடங்கி, வர வரக் கையும் குரலும் வேகம் பிடித்து ஒரே பெருமழையாகும் பாட்டு. இங்கே மேளம் இல்லை. தம்பி வெறும் தண்ணீர்க் கேனைத் தட்டினான், வாப்பா அங்கே ஊழியர் விடுதியில் மேசையைத் தட்டினார். தொலைபேசியில் ஒரு நொடி பிந்தி வருவதால் தாளம் சேரவேயில்லை. அதற்கே சிரித்துச் சிரித்து அந்த உம்மாவுக்குக் கண்ணீர் வந்தது. சிரித்ததால் வந்த கண்ணீர் என்றுதான் அவர் சொன்னார்.

அந்த வருடம் டிசம்பர் உங்களுக்கு மறந்திருக்காது. கொவிட்டில் மௌத்தான நமது ஜனாஸாக்களை எரித்துக்கொண்டிருந்த காலம். அப்போதுதான் இலங்கை அரசின் வேண்டுகோளின் பேரில் அவற்றை மாலைதீவில் அடக்குவது பற்றிய பேச்சு எழுந்தது. அந்தப் பிள்ளை செய்தியைப் படித்துவிட்டுக் கீழே வந்து குசினி வாசலில் நின்றாள். "எங்கட ஊருல மண்ணே இல்ல தாத்தா. இங்க மலையா இருக்கே. ஏன்?" என்றாள். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். வெட்டிக்கொண்டேயிருந்தேன். 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கத் தொடங்கியபோது, முதலில் வந்து சொன்னவளும் அவள்தான்.

வளர வளர அவளுக்கு இன்னொரு தொல்லை. விடுமுறைக்கு மாலே போனால் மச்சிமார் அவளது திவெஹியைக் கேட்டுச் சிரிப்பார்களாம், "கொழும்புப் பிள்ளை" என்று. இங்கே அவளது தமிழைக் கேட்டு நமது பிள்ளைகள் சிரிப்பார்கள், "மாலைதீவுப் பிள்ளை" என்று. அங்கே போனால் கொத்து ரொட்டியும் வீதியோர மரநிழலும் வேண்டும்; இங்கே வந்தால் ரிஹாகுரு இல்லாமல் சோறு இறங்காது. (மீன் அவித்த தண்ணீரைக் களிபோலக் கறுக்கும்வரை காய்ச்சி எடுப்பது ரிஹாகுரு. வாசம் பழகக் கொஞ்ச நாள் வேண்டும், நானே பழகிவிட்டேன்.) "நான் எந்த ஊரு தாத்தா?" என்று ஒரு நாள் கேட்டாள். கட்டாரிலும் லண்டனிலும் வளரும் நமது பிள்ளைகளிடமிருந்து உங்களில் பலருக்கும் இந்தக் கேள்வி வந்திருக்கும். நான் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

2022இல் பரீட்சை முடிந்து அவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். அவள் இப்போது ஹுல்ஹுமாலேயில் வேலை செய்துகொண்டே படிக்கிறாள். போனவுடன் எனக்கு ஒரு பொதி அனுப்பினாள்: மாசி, நமது வருடச் செலவுக்குப் போதும். நான் பதிலுக்கு என்ன அனுப்ப என்று கேட்டேன். சாரி, தேயிலை, வட்டிலப்பத்துக்குக் கித்துள் கருப்பட்டி என்று வரிசையாகச் சொன்னேன்.

"ஒண்டும் வேணாம் தாத்தா. அந்த ரெயில் சத்தத்தை ஒருக்கா அனுப்புங்க" என்றாள்.

மறுநாள் மாலை மொட்டை மாடியில் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரெயில் பத்து நிமிடம் பிந்தித்தான் வந்தது. அது கடந்து போகும் நேரம் பார்த்து ஒழுங்கை முனை நாய் குரைத்தது. அதையும் வெட்டாமல் அப்படியே அனுப்பினேன்.