உப்பும் தண்ணீரும் பூனையும்

துறைமுகத்தை அண்டி வாழும் எங்களுக்குப் பூனைகள் புதியவை அல்ல. லிங்கநகரில் மீன் வெட்டுகின்ற வீட்டு வாசலில் இரண்டு பூனைகளாவது காத்திருக்கும். ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று அனலாக வீசும்போது நாய்கள் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு தண்ணீர் தேடி அலையும். பூனையோ நிழலில் சுருண்டு கிடக்கும். அது தண்ணீர் குடித்ததைக் கண்டவர்கள் குறைவு. "பூனைக்கு ஏன் தண்ணீர்? அது கடல் தண்ணீரைக் குடித்தே சமாளிக்கும்" என்று எங்கள் ஒழுங்கையில் சொல்லுகிற அக்காமார் உண்டு. இந்தப் பேச்சில் பாதி உண்மை. மற்றப் பாதி பூனையின் உயிருக்கே ஆபத்தானது. இரண்டையும் பிரித்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிறுநீரகத்தின் வேலை

ஒரு லீற்றர் கடல் நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கின்றது. வயிற்றுக்குள் போன உப்பு பெரும்பாலும் சிறுநீரில் கரைந்துதான் உடலை விட்டு வெளியேற வேண்டும். அந்த வேலையைச் செய்வது சிறுநீரகம்.

மனிதரின் சிறுநீரகம் இரத்தத்தைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வரை செறிவான சிறுநீரை உண்டாக்க வல்லது. கடல் நீரோ இரத்தத்தைவிட மூன்று மடங்குக்கும் மேல் செறிவானது. நான்கு மூன்றை விடப் பெரிதுதானே, சமாளிக்கலாமே என்று தோன்றும். ஆனால் அந்த நான்கு மடங்கில் யூரியா போன்ற மற்றக் கழிவுகளுக்கும் இடம் வேண்டும். உப்புக்குக் கிடைக்கும் இடம் போதாது. ஆகவே ஒரு கோப்பை கடல் நீரைக் குடித்தவர், அதன் உப்பை வெளியேற்ற ஒரு கோப்பைக்கும் மேலான நீரைத் தன் உடலிலிருந்தே இழக்கிறார். கடல் நீரிலுள்ள மக்னீசியம் வயிற்றோட்டத்தையும் உண்டாக்கும். நடுக்கடலில் தத்தளிப்பவர்கள் கடல் நீரைக் குடிக்கக் கூடாது என்பது இதனால்தான்.

பூனையின் சிறுநீரகம் வேறு மாதிரியானது. அது இரத்தத்தைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வரை செறிவான சிறுநீரை உண்டாக்கும். சிறுநீரகத்துக்குள்ளே கொண்டை ஊசி போல வளைந்த நுண்ணிய குழாய்கள் இலட்சக்கணக்கில் உள்ளன. கழிவோடு வெளியே போக இருக்கும் தண்ணீரை மீண்டும் இரத்தத்துக்கு எடுத்துக்கொள்ள உதவுபவை இவை. பூனைக்கு இந்த வளைவுகள் நீளமானவை. ஆகவே அது தண்ணீரை மிகச் சிக்கனமாகச் செலவிடுகின்றது. அதன் சிறுநீர் மூக்கைத் துளைக்கும்படி நாறுவதற்கு இந்தச் செறிவும் ஒரு காரணம்.

அமெரிக்காவில் ஏ. வி. வுல்ஃப் என்பவரும் அவருடைய குழுவினரும் இதனை ஆராய்ந்து 1959 இல் வெளியிட்டனர். உடலில் நீர் குறைந்திருந்த பூனைகள் கடல் நீரைக் குடித்து அந்தக் குறையை ஈடுசெய்யக் கூடியவை என்பது அவர்கள் கண்ட முடிவு. மீன் அல்லது இறைச்சியை மட்டும் தின்று, தண்ணீர் குடிக்காமலே பூனை தன் நீர்த் தேவையைப் பூர்த்தி செய்யும் என்பதும் அதே ஆண்டில் வெளியானது.

பாலைவனத்துப் பூட்டி

பூனைக்கு இந்தத் திறமை எங்கிருந்து வந்தது? வீட்டுப் பூனைகள் மத்திய கிழக்கின் வறண்ட நிலத்துக் காட்டுப் பூனையின் வழிவந்தவை என்று 2007 இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. ஆறும் குளமும் அருமையான இடத்தில், பிடித்த இரையின் இரத்தத்திலும் தசையிலும் உள்ள ஈரமே அந்தப் பூட்டிக்குத் தண்ணீர்.

எங்கள் பூனைக்கு அந்த ஈரத்தை மீன் கொடுக்கின்றது. பச்சை மீனில் பத்தில் ஏழு பங்குக்கும் மேல் தண்ணீர்தான். கடலில் வாழ்ந்தாலும் மீனின் தசை கடலைப் போல் உப்பாக இருப்பதில்லை. மீன் கடல் நீரைக் குடித்து, மிகுதி உப்பைச் செவுள் வழியாக வெளியேற்றிவிடுகின்றது. அதனால்தான் நாங்கள் மீன் குழம்புக்கு உப்புப் போட வேண்டியிருக்கின்றது. சூடை மீன் தின்னும் பூனைக்குக் கடலின் தண்ணீர் உப்பு நீங்கிக் கிடைக்கின்றது என்று சொல்லலாம்.

1957 வரை பிரித்தானியக் கடற்படையின் தளமாக இருந்தது எங்கள் திருகோணமலைத் துறைமுகம். எலி பிடிப்பதற்காகக் கப்பல்களில் பூனை வளர்ப்பது அந்தக் கடற்படையின் பழைய வழக்கம். 1975 இல்தான் அது தடை செய்யப்பட்டது. நல்ல தண்ணீர் அளந்து கொடுக்கப்படும் கப்பலில், ஈரமான இரையில் வாழக்கூடிய பிராணி பொருத்தமான தோழன்தான்.

தாங்குவது வேறு, சுகம் வேறு

இனி மற்றப் பாதிக்கு வருவோம். கடல் நீரைத் தாங்கக் கூடியது என்பதற்காக அதுவே போதும் என்று விடக் கூடாது. தாகம் எடுத்தாலும் பூனை ஓடித் திரிந்து கேட்காது. தண்ணீர் குறையக் குறையச் சிறுநீரைத் தடிப்பாக்கிக்கொண்டு பேசாமல் இருக்கும். தடித்த சிறுநீரில் மணல் போன்ற படிகங்களும் கல்லும் உண்டாகலாம். ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிக ஒடுங்கியது. அது அடைபட்டால், ஓரிரு நாட்களிலேயே பூனை இறந்துவிடக் கூடும். அடிக்கடி குந்தி முக்குவது, சொட்டுச் சொட்டாகப் போவது, முனகுவது, அடிவயிற்றைத் தொடவிடாமல் சீறுவது ஆகியவை இதன் அறிகுறிகள். மலச்சிக்கல் என்று எண்ணிக் காத்திருக்காமல் அன்றே மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். வலிக்கென்று பனடோல் கொடுக்கவே கூடாது. ஒரு வில்லையே பூனையைக் கொன்றுவிடும்.

வயதான பூனைகளிடம் சிறுநீரக நோய் சாதாரணம். சிறுநீரகத்தின் பெரும்பகுதி பழுதான பின்னர்தான் அது வெளியே தெரியும். அப்போது தண்ணீரைச் சேமிக்கும் திறமை போய்விடுவதால், பூனை புதிதாக நிறையக் குடித்து நிறையச் சிறுநீர் கழிக்கும். இதுவும் வைத்தியரிடம் காட்ட வேண்டிய அறிகுறியே.

வீட்டில் செய்யக்கூடியவை

1. நாலு கிலோ எடையுள்ள பூனைக்கு உணவிலுள்ளதையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய 200 மில்லிலீற்றர் நீர் வேண்டும். கடையில் வாங்கும் உலர் உணவில் பத்தில் ஒரு பங்குதான் ஈரம். அதைத் தின்னும் பூனைக்குத் தண்ணீர்ச் சட்டி கட்டாயம்.

2. அகன்ற மண்சட்டியில் நல்ல தண்ணீர் வைத்து நாளுக்கு நாள் மாற்றுங்கள். குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் தாய்ப் பூனைக்கு இன்னும் அதிகம் தேவை.

3. மீனை உப்பில்லாமல் அவித்து, அந்தத் தண்ணீரோடு வையுங்கள். சிலவகைப் பச்சை மீன்களைத் தொடர்ந்து கொடுத்தால் பி1 உயிர்ச்சத்துக் குறையும். அவித்தால் அந்தக் குறை வராது. கருவாடு உப்பு மிகுந்தது, அதை வழக்கமாக்க வேண்டாம்.

4. தோள்பட்டைத் தோலை மெல்லக் கிள்ளி விடுங்கள். உடனே பழைய நிலைக்கு வந்தால் நல்லது. மெதுவாக வந்தாலோ, முரசு காய்ந்து ஒட்டினாலோ நீரிழப்பு இருக்கலாம். பலவந்தமாக வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், அது சுவாசப்பைக்குள் போய்விடும்.

நாங்கள் பூனைகள் அல்லவே

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கிழக்குக் கரையோரக் கிணறுகள் உவராகிப் போயின. கோடையிலும் கடலோரக் கிணறுகள் சில உவர்க்கின்றன. வயிற்றோட்டம் கண்ட பிள்ளைக்கு ஜீவனி கரைக்கும்போது இதை நினைவில் வைக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2002 இல் வகுத்த அளவின்படி ஒரு லீற்றர் கரைசலுக்குச் சோடியம் குளோரைட்டு, அதாவது சாதாரண உப்பு, 2.6 கிராம் மட்டுமே. உவர்நீரில் கரைத்தால் அந்த அளவு குழம்பிவிடும். கொதித்தாறிய நல்ல தண்ணீரில், பக்கற்றில் குறித்த அளவிலேயே கரைக்க வேண்டும். உப்பு மிகுந்தால் பிள்ளையின் சிறுநீரகத்தால் பூனையினுடையதைப் போல ஈடுகொடுக்க முடியாது.

சகோதரிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வேலைக்கும் சந்தைக்கும் போகும் பெண்கள் பலர், மலசலகூட வசதி இல்லாத பயத்தில் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. பகல் முழுவதும் தாங்கிவிட்டோம் என்று நினைக்கிறார்கள். சிறுநீர் மஞ்சளாகத் தடித்து எரிச்சலோடு போவதும், கிருமித் தொற்றும், கல்லும் அதன் பின்னால் வருபவை. தண்ணீரைச் சிக்கனம் பிடிப்பதற்கென்றே அமைந்த பூனையின் உடலுக்கே நல்ல தண்ணீர் வேண்டுமென்றால், எங்களுக்கு எவ்வளவு வேண்டும்! காலையில் பூனைக்குச் சட்டியை நிரப்பும்போது, வெளியே கொண்டுபோகும் உங்கள் போத்தலையும் நிரப்பிக்கொள்ளுங்கள்.